திண்டிவனம் ஏழு

இடுப்பு முந்தின நாள் சாயங்காலமே பிடித்துக்கொண்டது. விழுப்புரம் மண்டல ஆபீசுக்கு வந்த யு.பி.எஸ். பேட்டரிகளை லாரிக்காரன் வாசலோடு இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். மாடிக்கு ஏற்ற ஆள் வேண்டுமே என்று கேட்டதற்கு, அந்த ஆளே நீதான் என்று சித்தார்த்தனைக் காட்டிவிட்டார்கள். அவன் அப்பா முருகையன் ஆலை லாரிக்குக் கரும்புக் கட்டு ஏற்றியே ஆயுசை ஓட்டியவர். மகனுக்காவது நாற்காலி வேலை கிடைத்ததே என்று காலனி முழுக்கச் சொல்லித் திரிந்தவர். அந்த நாற்காலிதான் மகனின் இடுப்பை உளுத்துப்போக வைத்திருந்தது. அப்பாவின் சுமையில் கால்வாசி தூக்கியதற்கே அது முறுக்கிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், காலியாகக் கிடந்த ஆபீசில், ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் வால் எலும்புக்கு மேலே பழுக்கக் காய்ச்சிய கம்பி ஒன்று இறங்கியது.

அது ஒரு நகைக்கடன் கம்பெனி. விழுப்புரம், திண்டிவனம், கோட்டக்குப்பம் என்று கிளைகள். எல்லாக் கிளைக் கம்ப்யூட்டருக்கும் மாதாமாதம் பேட்ச் போட வேண்டும். மென்பொருளில் ஓட்டை விழுந்த இடத்துக்கு வைக்கிற ஒட்டு அது. எந்தக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது, எது வாங்கவில்லை என்பதெல்லாம் கன்சோல் என்ற திரையில் வரிவரியாகத் தெரியும். வாங்கியது பச்சை, வாங்காதது சிவப்பு. திங்கட்கிழமை காலை ஆடிட்டர் வருகிறார். ஒரு சிவப்பு இருந்தாலும் பராமரிப்பு ஒப்பந்தம் ரத்து என்று சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தம் போனால் ஒப்பந்தக் கூலியான அவனும் போக வேண்டியதுதான்.

எல்லா வரியும் பச்சையாக இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று அவன் மடியில் இருந்த லேப்டாப்.

கன்சோலில் அதன் பெயர் விழுப்புரம்-3. அந்தப் பெயர் நிற்க வேண்டிய வரியில் திண்டிவனம்-7 என்று நின்றது. கடைசியாகப் பயன்படுத்தியவர், குமரேசன். கடைசித் தொடர்பு, சற்று முன்.

கூட வேலை பார்த்த குமரேசன் செத்துக் காரியமும் முடிந்திருந்தது.

சித்தார்த்தன் அந்த வரியை அழித்தான். உடனே விழுப்புரம்-3 என்று வந்தது, பச்சையாக. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் திண்டிவனம்-7. சிவப்பு. மறுபடி அழித்தான். மறுபடி வந்தது.

அவனுக்குப் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. காரணம் அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கன்சோல் ஓர் அடையாள எண்ணை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும், ஆளுக்குக் கைரேகை மாதிரி. புது ஹார்ட் டிஸ்க் வட்டு மாட்டும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினால் அரை நாள் போய்விடுமென்று, அவனும் குமரேசனும் ஓடுகிற வட்டு ஒன்றை அப்படியே நகல் எடுத்துப் போட்டுவிடுவார்கள். நகல் எடுத்தபின் பழைய எண்ணை அழித்துப் புது எண் வாங்க வேண்டும். வாங்குவார்கள். இந்த லேப்டாப்பின் வட்டு கெட்டு, திண்டிவனம்-7இன் நகலைக் குமரேசன் போட்டுக் கொடுத்த அன்றைக்கு மட்டும், கடைசி பஸ் போய்விடும் என்று அதை விட்டுவிட்டார்கள். பிறகு ஞாபகம் வந்தபோது குமரேசன் சிரித்தான்.

"வுடுடா சித்து. பெட்டி ரெண்டு, கன்சோலுக்கு ஆளு ஒன்னு. ஒன்னுக்கு பேட்ச் போட்டா ரெண்டும் பச்சை. நமக்கு ஒரு வேல மிச்சம்."

அப்படியே ஓட்டிவிட்டார்கள். இரண்டில் எது கடைசியாகப் பேசுகிறதோ அதன் பெயர் வரியில் நிற்கும். மற்றது உலகத்தில் இருப்பதே கன்சோலுக்குத் தெரியாது.

"அப்படின்னா திண்டிவனத்துல அந்தப் பெட்டி இன்னும் ஓடிட்டு இருக்கு," என்றாள் போனில் பானுப்ரியா. மண்டல ஐ.டி. மேலாளர். அவனைவிடச் சின்னவள்.

"அந்த ரூமே எரிஞ்சிபோச்சி மேடம்."

"ரூம்தான எரிஞ்சுது. பெட்டிய யாராவது எடுத்து முன்னாடி மாட்டியிருப்பாங்க. போய் ஒயரப் புடுங்கிட்டு வாங்க."

"வீட்ல இன்னைக்கு கறி எடுத்து வச்சிருக்காங்க மேடம்."

"ராத்திரிக்கு சூடு பண்ணிச் சாப்பிடுங்க. நாளைக்கு ஆடிட்டர் முன்னாடி செத்தவர் பேரு வந்து நின்னா நான் என்னன்னு சொல்றது, சித்தார்த்தன்?"

பஸ் விக்கிரவாண்டி தாண்டும்போதே வானம் கறுத்துவிட்டது. வேகத்தடை ஒவ்வொன்றும் இடுப்பில் ஏறி இறங்கியது. மனைவி கலையரசிக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"திண்டிவனமா? அந்த ஆபீசுக்கா?" என்றாள். "வெளிச்சத்தோட வந்துடுங்க. பாப்பா நீங்க வந்தாத்தான் சாப்புடுவேன்னு குந்திக்கினு இருக்குது."

குமரேசனுக்கு ஊர் பிரம்மதேசம். நிலமும் கிணறும் உள்ள வீடு. வேலைக்கு வந்த இடத்தில் இரண்டு பேரும் ஒரே டீயை இரண்டு கிளாசில் பிரித்துக் குடித்தவர்கள்தான். ஒரே போர்வையில் கிளை ஆபீஸ் தரையில் படுத்தவர்கள்தான். ஆனால் சித்தார்த்தனைப் பைக்கில் கொண்டுவந்து விடும்போது காலனி வளைவுக்கு இந்தப் பக்கமே வண்டி நின்றுவிடும். உள்ளே வாடா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ என்றால், "ஒரு நாளைக்கு உக்காந்து நல்லா சாப்புடறேன்டா, கடனா வச்சிக்கோ" என்பான். இஞ்சினை அணைக்காமலே சொல்வான். ஏன் வரவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

திண்டிவனம் கிளையில் ஞாயிற்றுக்கிழமை பேட்ச் போடும் முறை சித்தார்த்தனுக்கு வந்தபோது அவன் மகளுக்குக் காதுகுத்து. குமரேசன்தான் முறையை மாற்றிக்கொண்டான். "நீ போய் வேலயப் பாரு. ஆனா எனக்கு நீ ஒரு ஞாயித்துக்கெழம கடன், ஞாபகம் இருக்கட்டும்."

பாண்டி ரோட்டில் கிளை. கீழ்த்தளம். ஜன்னல் என்று எதுவும் கிடையாது. நகை வைக்கிற கட்டடம் அப்படித்தான் இருக்கும். ஷட்டரோடு ஷட்டராக முதுகை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பானுப்ரியா போன் போட்டு வரவழைத்த காவலாளி மாரியப்பன். ஆளைப் பார்த்ததும் எழுந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

விடுமுறையில் உள்ளே ஆள் வேலை செய்தால் ஷட்டரை இறக்கி வெளியே பூட்டுப் போட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. காவலாளி உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவன் கையில் சாவி இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் உள்ளேயிருந்து ஷட்டரைத் தட்டினால் திறந்துவிடுவார்கள். ஆள் வெளியேறிவிட்டால் காவலும் கிடையாது, கேமராவும் அலாரமும் பார்த்துக்கொள்ளும். குமரேசன் செத்தபிறகு சுவருக்கும் ஷட்டருக்கும் புதுசாக நீலப் பெயிண்ட் அடித்தார்கள். விதியை மாற்றவில்லை.

"முன்ன மாதிரி இல்ல சார்," என்றார் மாரியப்பன், கேட்காமலே. "டீக்குக்கூட எழுந்து போறதில்ல. ஒரு தட்டு தட்டுங்க, அடுத்த தட்டுக்குள்ள தொறந்துடுவேன்."

"சரிங்கண்ணே."

"அன்னைக்கு ஒரு டீ குடிக்கிற நேரந்தான் சார். வந்து தொறக்கறேன், ஷட்டர்ல சாஞ்சி குந்தியிருந்த தம்பி அப்படியே எங்கால் மேல வுழுந்துது. கையில ஸ்குரூ டிரைவரு. அதால தட்டிக்கினே இருந்திருக்குது." வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "எதிர் பேக்கரிக்காரன் இன்னமும் தட்டற சத்தம் கேக்குதுன்றான். கேட்டாக்கா இந்தப் பக்கம் வராம ரோட்டத் தாண்டிப் போயிடறாங்களாம். நான் காதுல வாங்கறதில்ல. வாங்கினா இந்த வேலைல இருக்க முடியுமா, சொல்லுங்க."

சித்தார்த்தனிடம் யாருக்கும் சொல்லாத சேதி ஒன்று இருந்தது. காதுகுத்துப் பந்தியில் நின்றபோது அவனுக்கு ஒரு போன் வந்தது. ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, இலைக்குக் கறி பத்தாது என்று சமையல்காரன் கத்திக்கொண்டிருந்தான். புகையா வருதுடா, வாட்ச்மேனக் காணோம் என்று குமரேசன் இருமினான். "தட்டிக்கினே இரு, வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டுச் சித்தார்த்தன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். அதைக் கலையரசியிடம்கூடச் சொல்லவில்லை.

வாசலுக்கு உள்பக்கம் ஷூவைக் கழற்றி வைத்தான். தங்கம் இருக்கிற இடம் என்று அந்தக் கிளையில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். இடது ஷூவின் அடி வாய் பிளந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது. ஷட்டர் கடகடவென்று இறங்கியது. தெரு ஒரு கோடாகி, அந்தக் கோடும் போயிற்று. வெளியே பூட்டு விழுந்தது.

உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை. அதற்கு அடியில் பினாயில். அதற்கும் அடியில், மூக்கை நீட்டித் தேடினால்தான் கிடைக்கிற மாதிரி, எரிந்த ரப்பரும் பேட்டரி ஆசிட்டும் கலந்த புளித்த நெடி ஒன்று, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் தங்கிவிட்ட மீன் வாசனை போலப் போகாமல் இருந்தது. டியூப் லைட் இரண்டு தரம் மினுக்கி எரிந்தது. மூலையில் கேமராவின் சிவப்புப் புள்ளி. கவுண்ட்டர் மேசையில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக, உறை மூடி, அணைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் பெயரையும் ஒட்டிய சீட்டில் பார்த்தான். ஒன்று, இரண்டு என்று ஆறு வரைக்கும் இருந்தது. ஏழு இல்லை.

பின்னறைக் கதவைத் திறந்தான். புது பேட்டரிகள், பிளாஸ்டிக் உறை கிழிக்காத பளபளப்போடு, அடுக்கில் மெதுவாக உறுமிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால், இன்சூரன்ஸ்காரன் வந்து பார்க்க வேண்டும் என்று யாரும் தூக்கிப் போடாமல் விட்ட மூட்டை. தார்ப்பாயை விலக்கினான்.

திண்டிவனம்-7 அங்கேதான் இருந்தது. ஒரு பக்கம் உருகி வழிந்து, கரி பிடித்து, முன் மூடி பல்லிளித்துக்கொண்டு. கரண்டு ஒயர் இல்லை. நெட்வொர்க் ஒயர் இல்லை. சொருகுகிற ஓட்டைகளே உருகி மூடியிருந்தன.

புடுங்குவதற்கு ஒன்றும் இல்லை.

எதற்கென்று தெரியாமலே அதன் மேல் கையை வைத்தான். சுட்டது. கையை எடுக்க வைக்கிற சூடு இல்லை, இப்போதுதான் யாரோ வேலையை முடித்து அணைத்துவிட்டு எழுந்து போன சூடு. பேட்டரிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, சுடத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தார்ப்பாயை மூடும்போது உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தான். சாத்தியபிறகும் கேட்டது.

கவுண்ட்டரில் லேப்டாப்பைத் திறந்தான். திண்டிவனம்-7. குமரேசன். கடைசித் தொடர்பு, இப்போது.

ஒரு வழி பாக்கி இருந்தது. ஒரே அடையாளத்தில் இரண்டு பெட்டி இருந்தால், எது வேண்டும் என்று கன்சோலிடம் ஒரேயடியாகச் சொல்லிவிடலாம். மேலே நிற்கிறதை வைத்துக்கொள், மற்றதை நிரந்தரமாக நீக்கு. அதற்குப் பிறகு நீக்கியது எத்தனை தரம் வந்து கதவைத் தட்டினாலும் கன்சோல் அதை உள்ளே விடாது. லேப்டாப்பைக் கன்சோலோடு மறுபடி பேச வைத்தான். வரி நகர்ந்தது. விழுப்புரம்-3 மேலே வந்து நின்றது, பச்சையாக. இதுதான் சமயம் என்று விரலை இறக்கினான்.

விரல் இறங்குவதற்கும் அமுங்குவதற்கும் நடுவில் வரி மாறியது. அவன் பார்த்தான். பார்த்தும் விரல் நிற்கவில்லை.

திண்டிவனம்-7. பச்சை.

வரிகள் எல்லாமே பச்சையாகிவிட்டன. அறிக்கை நூறு சதவீதம் என்று மேலே பெரிதாக எழுதிக் காட்டியது. விழுப்புரம்-3 என்று தேடிப் பார்த்தான். அப்படி எதுவும் பதிவில் இல்லை. தன் பெயரைத் தேடிப் பார்த்தான். அதுவும் இல்லை. திரை ஒரு தரம் சிமிட்டி அவனை வெளியே தள்ளிக் கடவுச்சொல் கேட்டது. போட்டான். இப்படி ஒரு பயனர் இல்லை என்றது.

பானுப்ரியாவிடமிருந்து செய்தி வந்து விழுந்தது. 'சூப்பர். எல்லாம் பச்சை. வீட்டுக்குப் போங்க.'

போகலாம். ஆடிட்டர் பார்க்கப்போவது பச்சையைத்தான், பெயரை யார் பார்க்கப்போகிறார்கள். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தான்.

பாதி எழும்போது இடுப்பு பூட்டிக்கொண்டது. சுளுக்கு இல்லை, வலியும் இல்லை, பூட்டுத்தான். கால் இரண்டும் யாருடையவையோ மாதிரி மடிந்தன. மேசை விளிம்பைப் பிடித்தவன் அப்படியே வழுக்கி, மேசைக்குப் பின்னால் தரையில் மல்லாந்து விழுந்தான். மூச்சு வெளியே போய்விட்டது, உள்ளே வரவில்லை. டைல்ஸ் ஈரத்துணி மாதிரி முதுகில் ஒட்டியது. மேசைக் கால்களுக்கு நடுவே ஷட்டரின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் இப்படியே கிடப்போம், இடுப்பு விட்டுவிடும் என்று கண்ணை மூடினான்.

டங்.

இரும்பில் இரும்பு படுகிற சத்தம்.

டங். டங்.

ஷட்டரில். உள்பக்கம்.

"முடிஞ்சிதா சார்? தோ வந்துட்டேன்."

மாரியப்பன் சொன்னது பொய்யில்லை. அடுத்த தட்டுக்குள் பூட்டுத் திறந்தது. ஷட்டர் ஏறியது. மழைக்கு முந்தின மஞ்சள் வெளிச்சம் தரையில் நீண்டு வந்து அவன் விரல் நுனி வரைக்கும் தொட்டது. மேசைக் கால்களுக்கு நடுவே இரண்டு கால்கள் தெரிந்தன. நின்று, நிதானமாக ஒவ்வொன்றாக ஷூவுக்குள் நுழைந்தன. இடது ஷூவின் பிளந்த அடியில் பசை காய்ந்திருந்தது.

கத்தினான். வெளியே வந்தது இருமல்தான்.

"ஜல்தியா முடிச்சிட்டீங்க போல," என்றார் மாரியப்பன். "உள்ள இன்னா சார் சத்தம்?"

"தூசிண்ணே. தொண்ட கட்டிக்கிச்சி."

சித்தார்த்தனின் குரல். சித்தார்த்தனுடையதே.

"பஸ்ஸ்டாப் வரைக்கும் வர்றேன் சார், குடை இருக்குது. தனியா இங்க குந்திக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்."

ஷட்டர் இறங்கியது. வெளிச்சம் விரலை விட்டுப் போனது. பூட்டு.

புரண்டு குப்புறப்படுத்து, கையை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு ஷட்டர் வரைக்கும் நகர்ந்தான். அவ்வளவு தூரம் அந்த ஆபீஸ் இருந்ததில்லை. ஷூ வைத்த இடத்தில் ஷூ இல்லை. முஷ்டியால் குத்தினான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. போனை எடுத்து மாரியப்பனுக்கு அடித்தான். மணி ரொம்ப நேரம் போயிற்று.

"யாரு?"

"மாரியப்பண்ணே, நான் சித்தார்த்தன். உள்ள இருக்கேன். பூட்டத் தொறங்க."

மழையும், பஸ்ஸின் காற்று பிரேக்கும் கேட்டன.

"சித்தார்த்தன் சார இப்பதான் பஸ் ஏத்திவுட்டேன்."

"அண்ணே, அது நான் இல்ல. நான் உள்ள கீழ வுழுந்து கெடக்கறேன்."

"இது குமரேசு தம்பி நம்பரு," என்றார் மாரியப்பன். குரல் சின்னதாகிவிட்டது. "அழிக்க மனசு வராம வச்சிருந்தேன். அதுலதான் வருது."

"அண்ணே."

"தம்பி, ஒரு டீ குடிக்கத்தான்பா போனேன். தெரிஞ்சா போவேனா? நானும் புள்ளகுட்டிக்காரன். என்ன வுட்டுடு சாமி."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது போன் அணைந்திருந்தது.

கவுண்ட்டருக்கு அடியில் அபாய அலாரத்தின் பொத்தான் உண்டு. திருடன் வந்தால் முழங்காலால் அமுக்குவது. ஊர்ந்து போய் அமுக்கினான். சத்தம் வரவில்லை, அது தூரத்து ஊரில் இருக்கிற கம்பெனிக் காவல் அறைக்கு மட்டும் கேட்கும். மேசை மேலிருந்த தொலைபேசி மணி அடித்தது. ஒயரைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி எடுத்தான்.

"திண்டிவனம் கிளையா? அலாரம் வந்திருக்கு. யார் பேசறது?"

"உள்ள மாட்டிக்கிட்டேங்க. பூட்டிட்டுப் போயிட்டாங்க. யாரையாவது அனுப்புங்க."

"ஒரு நிமிஷம்." விசைப்பலகை தட்டும் சத்தம். "சார், உள்ள இருந்தவர் வெளிய போனது கேமராவுல பதிவாகியிருக்கே. இப்ப உள்ள யாரும் இல்லை."

"நான் இருக்கேன். கேமராவப் பாருங்க, கையக் காட்டறேன்."

மூலையில் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக் கையைத் தூக்கினான். இரண்டு கையையும் தூக்கினான்.

"தரை, மேசை, கீழ விழுந்து கிடக்கற போன். அதுதான் தெரியுது," என்றது அந்தக் குரல், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "ஹலோ? யாராவது பேசறீங்களா? வெறும் இருமல்தான் வருது." பிறகு பக்கத்தில் யாரிடமோ, "தீ புடிச்சதுல இருந்து இந்தக் கிளை ஒயரிங் இப்படித்தான். நாளைக்கு ஆள் அனுப்பச் சொல்லி எழுதி வை."

நாளைக்கு. காலையில் ஆட்கள் வருவார்கள். ஒரு ராத்திரிதான். அதுவரைக்கும் இப்படியே படுத்துக்கிடந்தால் போதும் என்று நினைத்தான்.

அப்போது பின்னறையில் உறுமல் நின்றது.

நின்று, ஒரு சீறல் தொடங்கியது. மெலிசாக. குக்கரில் ஆவி சேரும்போது வருகிற மாதிரி. கதவின் கீழ்ச் சந்தில் ஏதோ நகர்ந்தது. நிழல் என்று நினைத்தான். நிழல் நெடி அடிக்காது.

புளித்த நெடி.

டியூப் லைட் அணைந்தது. கேமராப் புள்ளி மட்டும் எரிந்தது.

ஷட்டருக்கு இழுத்துக்கொண்டு போனான். போனில் சிக்னல் கோடுகள் அழிந்து கிடந்தன. போலீசுக்கு நூறு என்று அடித்தான். அழைப்பு போகவே இல்லை. ஷட்டரின் அடிச் சந்தில் போனை ஒட்டி வைத்துக் காத்திருந்தான். மழைத்தண்ணீர் சந்து வழியாக உள்ளே கசிந்து கன்னத்தை நனைத்தது. சட்டையைக் கழற்றி நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டான். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. வெளியே தெருவிளக்கு எரிந்திருக்க வேண்டும், சந்து மஞ்சளாகியது. தட்டினான். யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். இன்னும் பலமாகத் தட்டினான். பேச்சு நின்றது. செருப்புச் சத்தம் அவசரமாக ரோட்டைத் தாண்டிப் போனது.

ஒரு கோடு வந்தது. நூறா, வீடா என்று யோசிக்கவில்லை. விரல் வீட்டுக்குத்தான் போயிற்று.

"யாருங்க?" கலையரசி.

"கலை, நான்தான்."

"நான்தான்னா யாரு? இது குமரேசன் அண்ணன் நம்பராச்சே. அவரு தவறிப் போயிட்டாரே, நீங்க யாருங்க பேசறது?"

அவளுக்குப் பின்னால் தட்டில் விரல் வழிக்கிற சத்தம் கேட்டது. பாப்பா சிரித்தது.

"கலை, அவன உள்ள வுடாத. கலை."

"ஒன்னும் புரியலியே. இருமறாங்க." வாயைப் போனிலிருந்து திருப்பினாள். "ஏங்க, இங்க பாருங்களேன். குமரேசன் அண்ணன் நம்பர்ல இருந்து யாரோ."

"அம்மா, அப்பா மறுபடியும் கொழம்பு ஊத்திக்கிச்சி," என்றது பாப்பா. "சோத்தயே பாக்காத மாதிரி துன்னுது."

"சும்மா இருடி. நாளெல்லாம் பட்டினியாக் கெடந்துட்டு வந்திருக்காரு."

"குடு இப்பிடி," என்றான் அவன்.

போன் கைமாறியது. மெல்லுகிற சத்தம். அவசரமில்லாமல், எலும்பைக் கடித்து, உறிஞ்சி, விழுங்குகிற சத்தம். சித்தார்த்தனின் வாய் தானாக ஊறியது.

"குமரேசா," என்றான். "டேய்."

விழுங்கி முடித்தபிறகுதான் பதில் வந்தது.

"தட்டிக்கினே இரு. வந்துடுவாரு."

போன் செத்தது.

புகை முழங்கால் உயரம் வந்துவிட்டது. நிற்க முடியாதவனுக்கு அது தலைக்கு மேலே. ஷட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பையில் துழாவி ஸ்குரூ டிரைவரை எடுத்தான். கைப்பிடியால் தட்ட மறந்து முனையால் தட்டினான்.

சத்தம் வரவில்லை. முனை உள்ளே இறங்கிற்று.

விரலால் தடவிப் பார்த்தான். புது நீலப் பெயிண்டுக்கு அடியில் பள்ளங்கள். சின்னச் சின்னதாக, நெருக்கமாக, அம்மை வடு மாதிரி. நின்றவன் உயரத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் உட்கார்ந்தவன் தோள் உயரத்தில். சாய்ந்து உட்கார்ந்து, வலது கையைப் பின்னால் திருப்பித் தட்டியவனின் கை போகிற இடத்தில். அவன் கையும் அங்கேதான் போனது. இன்னொரு பள்ளத்தில் வைத்தான். முனை பொருந்தியது. அடுத்ததில் வைத்தான். பொருந்தியது.

தட்டினான்.

வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று வைத்த கடனைக் குமரேசன் தீர்த்துவிட்டான். சித்தார்த்தன் அவனுக்குத் தர வேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது இன்னும் முடியவில்லை.